மஞ்சள் கடுதாசியும் மிஞ்சும் உடைமையும்

கடனை அடைக்க வழியற்றுப்போன ஒருவர் தம் நிலையை நீதிமன்றத்தில் தாமே அறிவித்து, கையிருப்பில் உள்ள சொத்தைக் கடன் கொடுத்தவர்கள் அனைவரும் விகிதப்படி பிரித்துக்கொள்ளுமாறு ஒப்படைத்துவிட்டு, எஞ்சிய கடனிலிருந்து விடுபட வழிசெய்யும் சட்டமே நொடிப்புநிலைச் சட்டம். மதுரை வட்டாரத்து வியாபாரிகள் இதனை 'ஐ.பி. கொடுப்பது' என்பர், இன்சால்வென்சி பெட்டிஷன் என்பதன் சுருக்கம் அது. 'மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்' என்பது அதைவிடப் பரவலான வழக்கு. அந்தத் தொடரில் பழிச்சொல்லும் உண்டு, பரிதாபமும் உண்டு. கேட்பவர்களில் ஒரு சாரார் அதனை ஊரை ஏய்க்கும் தந்திரமாகவும் மற்றொரு சாரார் ஒரு குடும்பத்தின் முற்றான அழிவாகவும் கொள்கின்றனர். இரு சாராரும் கேட்காமல் விடும் கேள்வி ஒன்று உண்டு: மனு ஏற்கப்பட்ட பின் கடனாளியின் வீட்டில் எந்தெந்தப் பொருளைச் சட்டம் தொடாமல் விடுகிறது, எதனை எடுத்துக்கொள்கிறது, அந்த எல்லைக்கோட்டை வகுத்தவர்கள் யாரை மனத்தில் வைத்து வகுத்தார்கள் என்பதே அது. இந்தச் சொற்பொழிவு அந்தக் கேள்வியையே பொருளாகக் கொள்கிறது.

முதலில் எந்தச் சட்டம் என்பதைத் தெளிவுபடுத்த வேண்டும். தனிமனிதர் நொடிப்புநிலைக்கு இந்தியாவில் இரண்டு பழைய சட்டங்கள் உள்ளன. கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று மாகாணத் தலைநகர்களுக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டம். அவற்றுக்கு வெளியே உள்ள எல்லா ஊர்களுக்கும் 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புநிலைச் சட்டம். 1906 அக்டோபரில் சென்னையின் பெருங்குழுமமாகிய அர்பத்நாட் கம்பெனி விழுந்து, அதில் பணம் போட்டிருந்த ஓய்வூதியர்களும் விதவைகளும் வணிகர்களும் நடுத்தெருவுக்கு வந்தனர். அதன் அதிர்ச்சியில் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் 1907இல் இந்தியன் வங்கி எழுந்தது. உள்நாட்டு ஊர்களுக்கான முதல் நொடிப்புநிலைச் சட்டம் பிறந்ததும் அதே 1907இல்தான்; அதனைத் திருத்தி விரித்ததே 1920ஆம் ஆண்டுச் சட்டம். மதுரை மாநகரமும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி முதலிய சுற்றுப்புறங்களும் இன்றளவும் இதற்கே உட்பட்டவை. அதிகாரம் மாவட்ட நீதிமன்றத்துக்கு உரியதாயினும், மாநில அரசின் அறிவிக்கையால் கீழமை நீதிமன்றங்களுக்கும் வழங்கப்படக்கூடியது. நடைமுறையில் இம்மனுக்கள் சார்பு நீதிமன்றங்களிலேயே தாக்கலாகின்றன.

கடனாளி தாமே மனு கொடுக்க வேண்டுமானால், கடனை அடைக்க இயலாதவராக இருப்பதோடு, மூன்றில் ஒரு நிலை பொருந்த வேண்டும் என்கிறது பத்தாம் பிரிவு: கடன் ஐந்நூறு ரூபாயை எட்டியிருத்தல், அல்லது பணத்துக்கான தீர்ப்பாணையின்பேரில் அவர் கைதாகியிருத்தல், அல்லது அவருடைய சொத்து ஜப்தியில் இருத்தல். 1920இல் ஐந்நூறு ரூபாய் என்பது ஓர் உழவரின் வாழ்வைக் கவிழ்க்கப் போதுமான கடன். இன்று ஒரு குடும்பம் ஒருவேளை வெளியில் சாப்பிட்டு எழும் செலவு அது. நூறாண்டுக்கும் மேலாக அத்தொகை அப்படியே கிடக்கிறது என்பதிலிருந்தே இச்சட்டத்தை ஆள்வோர் எத்தனை முறை எடுத்துப் பார்த்தார்கள் என்பது விளங்கும்.

மனுவை ஏற்று ஒருவரை நொடித்தவர் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், 28ஆம் பிரிவின்படி அவருடைய சொத்து முழுவதும் நீதிமன்றத்திடமோ அது அமர்த்தும் ரிசீவரிடமோ சென்று சேர்கிறது. ரிசீவர் என்பவர் கடனாளியின் சொத்தைத் திரட்டி, விற்று, கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிட்டுத் தரும் அலுவலர். தனித்தனியே வழக்குப் போட்டுச் சொத்தைப் பற்ற நினைக்கும் கடன்காரர்கள் அதன்பின் நீதிமன்றத்தின் அனுமதியின்றி எதுவும் செய்ய இயலாது. முந்திக்கொண்டு வந்தவர் முழுவதையும் வாரிக்கொண்டு போகாமல் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும் என்பதே இதன் கருத்து. கைதிலிருந்து பாதுகாப்புக் கோரி 31ஆம் பிரிவின்கீழ்த் தனி ஆணையும் பெறலாம். ஆனால் அந்த 28ஆம் பிரிவுக்குள்ளேயே ஐந்தாம் உட்பிரிவு என்ற சிறு வாசல் ஒன்று உண்டு: உரிமையியல் நடைமுறைச் சட்டமோ வேறு சட்டமோ ஜப்தியிலிருந்தும் விற்பனையிலிருந்தும் விலக்கிய பொருள்கள், கணக்குப் புத்தகங்கள் நீங்கலாக, ரிசீவரைச் சேரும் சொத்தில் அடங்கா. ஆகவே நொடித்தவருக்கு மிஞ்சும் உடைமையைப் பற்றிய பட்டியல் நொடிப்புநிலைச் சட்டத்தில் இல்லை. அது 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவில் இருக்கிறது.

அந்தப் பட்டியலைப் படிக்கும்போது ஒரு பழைய கிராமத்து வீட்டின் உட்புறம் கண்முன் விரிகிறது. கடனாளி, அவர் மனைவி, குழந்தைகள் ஆகியோருக்குத் தேவையான உடுதுணி, சமையல் பாத்திரம், கட்டில், படுக்கை, சமய வழக்கப்படி ஒரு பெண் கழற்றிக் கொடுக்கக் கூடாத அணிகலன், கைவினைஞரின் கருவிகள், உழவராயின் அவர் பிழைப்புக்கு வேண்டும் என்று நீதிமன்றம் கருதும் ஏர்க்கருவிகள், மாடுகள், விதைநெல், உழவர், கூலித்தொழிலாளி, வீட்டு வேலைக்காரர் ஆகியோர் தமக்குச் சொந்தமாக வைத்துக் குடியிருக்கும் வீடும் அதனை ஒட்டிய மனையும். தமிழ்நாட்டில் அந்த அணிகலன் என்பது முதன்மையாகத் தாலியைக் குறிக்கும். சங்கிலியின் கனத்தையெல்லாம் இதற்குள் அடக்கிவிட முடியுமா என்ற கேள்வி எழும்போது, சமய வழக்கம் என்ற சொல்லே எல்லையாக நிற்கிறது. வளையலும் ஆரமும் தோடும் இந்த விலக்கின் பெயரால் தப்புவதில்லை.

கைவினைஞரின் கருவி என்ற சொல் மதுரையில் உயிருள்ள சொல். சுங்குடிச் சேலைக்கும் கைத்தறிக்கும் பெயர்பெற்ற இந்நகரில், தன் கையால் தறியை இயக்கிப் பிழைக்கும் நெசவாளிக்கு அந்தத் தறியும் நாடாவும் ராட்டையும் கருவிகளாகும். அவற்றை ரிசீவர் எடுக்க முடியாது. ஆனால் தறிமேல் ஏற்றக் காத்திருக்கும் நூலும் சாயமும், நெய்து மடித்து வைத்த சேலைகளும் கருவிகள் அல்ல, சரக்கு. அவை பங்கீட்டுக்குப் போகும். செல்லூர்ப் பக்கம் கூலியாட்களை வைத்துப் பல விசைத்தறிகளை ஓட்டும் ஒருவர், அத்தறிகளைக் கைவினைஞரின் கருவி என்று வாதிட்டு வெல்வது கடினம். அவர் நிலை கைவினைஞர் நிலையன்று, முதலாளி நிலை. இந்த வேறுபாட்டில் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு தறியைக் கடனில் வாங்கி, மனைவியோடு மாறி மாறி ஓட்டுகிறவர் எந்தப் பக்கம் என்பதற்குப் பிரிவின் சொற்களில் விடை இல்லை. அதனை மனு விசாரணையில் சாட்சியத்தின் வழியாகவே நாட்ட வேண்டும்.

உழவர் விஷயத்திலும் பட்டியல் தோற்றத்தில் தாராளமாக இருந்து, உள்ளே நுழைந்தால் சுருங்குகிறது. பெரியாறு கால்வாய்ப் பாசனமுள்ள மேலூர்ப் பக்கத்து விவசாயிக்கு வீடும் ஏரும் மாடும் விதையும் விலக்கு. நிலத்துக்கு விலக்கு இல்லை. வங்கிகள் நீதிமன்றத்துக்குப் போகாமலேயே அடமானச் சொத்தைக் கைப்பற்ற உதவும் 2002ஆம் ஆண்டின் சர்பாசி சட்டம் விவசாய நிலத்தின்மீது பாயாது என்பது உண்மை. ஆனால் அது அந்த ஒரு சட்டத்துக்கு மட்டும் உரிய தடையேயன்றி, நொடிப்புநிலை வழக்கில் ரிசீவர் நிலத்தை விற்பதைத் தடுப்பதன்று. மாட்டுக்குப் பதில் டிராக்டர் வந்துவிட்ட காலத்தில், அந்த டிராக்டர் பெரும்பாலும் கடன் கொடுத்த நிறுவனத்தின் பிணையிலேயே இருக்கும். அது ஏர்க்கருவியா என்ற வாதம் தொடங்குமுன்பே வண்டி போய்விடும். வீட்டு விலக்கைக் கோருபவர், விவசாயமே தம் முதன்மைப் பிழைப்பு என்பதையும் அவ்வீட்டில் தாம் குடியிருப்பதையும் மெய்ப்பிக்க வேண்டும். உசிலம்பட்டியில் நாலு ஏக்கர் மானாவாரி வைத்துக்கொண்டு மதுரையில் லாரி புக்கிங் அலுவலகம் நடத்துபவரை நீதிமன்றம் உழவர் என்று ஏற்பது அரிது.

இனி நகரத்து வீடு. கீழமாசி வீதியில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்யும் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கடை வாடகைக் கட்டடம். குடியிருப்பது பாட்டனார் கட்டிய சிறிய வீடு. அதன்மேல் அடமானம் ஏதும் இல்லை. கொள்முதல் செய்த மில்லுக்குப் பாக்கி, புரோநோட்டுக் கடன், கைமாற்று, நாள்வட்டி என்று கடன் மேலேறி அவர் மஞ்சள் கடுதாசி கொடுக்கிறார். 60ஆம் பிரிவு அவருக்குப் பாயையும் பாத்திரத்தையும் விட்டுவைக்கிறது, வீட்டை விட்டுவைப்பதில்லை. அவர் உழவரும் அல்லர், கூலித்தொழிலாளியும் அல்லர், வீட்டு வேலைக்காரரும் அல்லர். அவருடைய கடையில் மூட்டை தூக்கும் தொழிலாளி நொடித்தால் அவர் குடியிருக்கும் சொந்த வீடு தப்பும். கடைக்காரர் நொடித்தால் அவர் வீடு தப்பாது. 1882ஆம் ஆண்டின் நடைமுறைச் சட்டத்திலேயே உழவர் வீட்டுக்கு விலக்கு இருந்தது. 1875இல் தக்காணத்தில் உழவர்கள் வட்டிக்காரர்களின் பத்திரங்களைப் பிடுங்கிக் கொளுத்திய கலகத்துக்குப் பிறகு, நிலத்திலிருந்து உழவர் பிடுங்கப்பட்டால் வரியும் போகும் அமைதியும் போகும் என்ற அச்சம் ஆட்சியாளர்களுக்கு இருந்தது. நகர வணிகரைப் பற்றி அப்படி ஓர் அச்சம் யாருக்கும் இருந்ததில்லை. அவர் கடன் கொடுப்பவர் பக்கத்து ஆளாகவே கருதப்பட்டார். அந்தப் பழைய கணக்கே இன்றைய சிறு கடைக்காரர் தலையில் வந்து விடிகிறது.

இந்தக் குறை எங்கும் தீர்க்கப்படாமல் இல்லை. பஞ்சாபில் 60ஆம் பிரிவுக்கு மாநிலத் திருத்தம் செய்து, உழவர் அல்லாத கடனாளிக்கும் அவர் குடியிருக்கும் முதன்மை வீடு ஒன்றை விலக்கியிருக்கிறார்கள். அந்த வீட்டையே பிணையாக வைத்து வாங்கிய கடனுக்கு மட்டும் அவ்விலக்குப் பொருந்தாது என்று எல்லையும் கட்டியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அத்தகைய திருத்தம் இல்லை. கடல்கடந்து பார்த்தால், அமெரிக்காவின் புளோரிடா, டெக்சஸ் மாநிலங்களில் குடியிருப்பு வீட்டின் மதிப்புக்கு உச்சவரம்பின்றிப் பாதுகாப்பு உண்டு. பெரும் பணக்காரர்கள் அங்கே மாளிகை வாங்கிக் கடனிலிருந்து ஒளியும் அளவுக்கு அது போய், கூட்டாட்சிச் சட்டம் இடையில் புகுந்து சில தடைகளை விதிக்க வேண்டியதாயிற்று.

சம்பளமும் ஓய்வுக்காலப் பணமும் பட்டியலில் நல்ல இடம் பெற்றுள்ளன. பராமரிப்புத் தொகைக்கான ஆணை நீங்கலாக, மற்றக் கடனுக்குச் சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாயும் எஞ்சியதில் மூன்றில் இரண்டு பங்கும் விலக்கு. 31,000 ரூபாய் சம்பளக்காரருக்கு 21,000 ரூபாய் நிற்கும், 10,000 ரூபாய் பிடிபடும். பொது வருங்கால வைப்பு நிதியும், கடனாளியின் ஆயுள்மீது எடுத்த காப்பீட்டிலிருந்து வரும் பணமும் பட்டியலிலேயே உள்ளன. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிக்கும் பணிக்கொடைக்கும் தனிச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஓய்வுக்காலப் பணத்தை வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்ட பிறகும் அது தன் தன்மையை இழப்பதில்லை என்று ராதே ஷ்யாம் குப்தா வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. இவ்விலக்குகளை விட்டுக்கொடுப்பதாகக் கடன் வாங்கும்போது எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் எதுவும் செல்லாது என்று 60ஆம் பிரிவின் 1அ உட்பிரிவு தெளிவாகச் சொல்கிறது. வெற்றுத் தாளிலும் வெற்றுப் புரோநோட்டிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு 'உன் சட்டிபானை வரை எனக்கு' என்று மிரட்டும் கந்துவட்டிக்காரரிடம் அகப்பட்டவர்களுக்கு இந்த ஒரு வரி முன்பே தெரிந்திருந்தால் பல வீடுகளில் அச்சம் பாதி குறைந்திருக்கும்.

குடும்பத்தாரின் சொத்து என்பது தனி அதிகாரம். ரிசீவரைச் சேர்வது நொடித்தவரின் சொத்து மட்டுமே; மனைவிக்கு அவர் பிறந்த வீட்டார் போட்ட நகை, அவர் பெயரில் அவர் வருமானத்தில் வாங்கிய மனை ஆகியவை மனைவியுடையவை. பட்டியலில் தப்பாத ஆரமும் வளையலும் இந்த வழியில் தப்பலாம். சிக்கல் உரிமையில் இல்லை, சான்றில் இருக்கிறது: நகைக்கடை ரசீது, திருமணத்தின்போது எழுதிய நகைப்பட்டியல், மனைவியின் வங்கிக் கணக்கு, வருமான வரிக் கணக்கு ஆகியவை இல்லாத வீட்டில் எது யாருடையது என்பதை ரிசீவருக்கு விளக்குவது எளிதன்று. நகை வங்கியிலோ அடகுக் கடையிலோ இருக்குமானால் அடகு பிடித்தவரின் உரிமையே முதலில் நிற்கும்.

கூட்டுக்குடும்பச் சொத்தில் தந்தை நொடித்தால் மகன்களின் பங்கும் போகுமா என்பது நெடுங்காலம் வழக்காடப்பட்ட கேள்வி. தந்தையின் கடனை மகன் தீர்ப்பது சமயக் கடமை என்ற இந்துச் சட்டக் கோட்பாட்டின்படி, அக்கடனுக்காக மகன்களின் பங்கை விற்கும் அதிகாரம் தந்தைக்கு இருந்தது. அந்த அதிகாரமும் அவருடைய சொத்தில் அடங்கி ரிசீவரைச் சேரும் என்று நொடிப்புநிலைச் சட்டத்தில் 1948இல் சேர்க்கப்பட்ட 28அ பிரிவு உறுதிசெய்தது. 2005ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தம் இந்தக் கோட்பாட்டையே கைவிட்டது. 2005 செப்டம்பர் 9க்குப் பிறகு தந்தை வாங்கிய கடனுக்கு, சமயக் கடமை என்ற ஒரே காரணத்தைக் காட்டி மகன், பேரன், கொள்ளுப்பேரன்மீது எந்த நீதிமன்றமும் உரிமையை ஏற்காது. குடும்பத் தேவைக்காகக் கர்த்தா, அதாவது குடும்பத் தலைவர், வாங்கிய கடன் வேறு வகை. அது இன்றும் குடும்பத்தைப் பிணைக்கலாம். தமிழ்நாட்டில் மகள்களுக்குப் பிறப்புரிமைப் பங்கு 1989ஆம் ஆண்டுத் திருத்தத்தாலேயே ஓரளவு வந்துவிட்டதால், பூர்வீக வீடு என்று சொல்லப்படும் சொத்தில் நொடித்தவரின் உண்மையான பங்கு எவ்வளவு என்று கணக்கிட்டால், கடன்காரர்கள் எதிர்பார்த்ததைவிட அது மிகச் சிறியதாக அமைவது உண்டு. மேலே சொன்ன கீழமாசி வீதிக்காரரின் பாட்டனார் வீட்டில் ஒரு பகுதியேனும் இவ்வழியில் தப்பக்கூடும்.

குடும்பத்துக்காக முன்கூட்டியே ஒதுக்கிவைக்கும் வழியைச் சட்டமே ஒன்று திறந்திருக்கிறது. 1874ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் ஆறாம் பிரிவின்படி, கணவர் தம் ஆயுள்மீது மனைவி மக்களின் நலனுக்கென்று எடுக்கும் காப்பீடு அவர்களுக்கான அறக்கட்டளையாகும். அது கணவரின் சொத்தாகக் கொள்ளப்படாது, அவருடைய கடன்காரர்களாலும் தொடப்படாது. சென்னை மாகாணத்து இந்துக்களுக்கு 1913ஆம் ஆண்டு இறுதிக்குப் பின் எடுக்கப்பட்ட காப்பீடுகளிலிருந்து இது பொருந்துகிறது. விண்ணப்பத்தில் இச்சட்டத்தின்கீழ் எடுப்பதாகக் குறிப்பிட்டால் போதும். ஆனால் கடன்காரரை ஏய்க்கும் நோக்கத்தோடு எடுத்ததென்று மெய்ப்பிக்கப்பட்டால் அந்தக் காப்பீட்டிலிருந்து வரும் பணத்திலிருந்து கடன்காரர் தம் கடனைக் கோரலாம். வியாபாரத்தில் இறங்கும் இளைஞர் முதல் ஆண்டிலேயே இதனைச் செய்வதற்கும், கடை ஆடத் தொடங்கியபின் செய்வதற்கும் இடையே உள்ள தூரம் பெரிது.

அந்தத் தூரத்தை அறியாமல் நிகழ்வதே பெரும்பாலான வீழ்ச்சிகளில் காணப்படும் பிழை. கடன் முற்றியதும் வீட்டை மனைவி பெயருக்குச் செட்டில்மெண்ட் எழுதுவது, மைத்துனருக்குக் குறைந்த விலைக்குக் கிரயம் செய்வது, தம்பிக்கு விடுதலைப் பத்திரம் கொடுப்பது ஆகியவை ஊரில் யாராவது ஒருவர் எப்போதும் சொல்லித்தரும் உபாயங்கள். நொடிப்புநிலைச் சட்டத்தின் 53ஆம் பிரிவின்படி, நல்லெண்ணத்தோடு உரிய விலை கொடுத்து வாங்கியவருக்கோ, திருமணத்துக்கு முன் அத்திருமணத்தை முன்னிட்டோ செய்யப்பட்டவை நீங்கலாக, மாற்றிய இரண்டு ஆண்டுகளுக்குள் நொடிப்பு மனு தாக்கலாகி அதன்பேரில் நொடித்தவர் என்ற தீர்ப்பு வருமானால், அந்தச் சொத்துமாற்றத்தை நீதிமன்றம் நீக்கலாம். இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டாலும் கதை முடிவதில்லை. கடன்காரரை ஏய்க்கும் நோக்கத்தோடு செய்த மாற்றத்தைச் சொத்து மாற்றச் சட்டத்தின் 53ஆம் பிரிவின்கீழ்த் தனியாக எதிர்க்கலாம். எல்லாக் கடன்காரர்களையும் விட்டுவிட்டு ஒருவருக்கு மட்டும், அவரை முன்னுரிமைப்படுத்தும் எண்ணத்தோடு, மனுவுக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் அடைத்த கடனும் 54ஆம் பிரிவின்படி செல்லாது. மாமனாரின் கைமாற்றை முதலில் தீர்த்துவிட்டு மறுமாதம் நீதிமன்றப் படியேறுவது இந்த வகை. வில்லங்கச் சான்று எடுத்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும் ஒரு பத்திரத்தை மறைப்பு என்று நம்புவது வியப்புக்குரியது.

அதன் விலையும் பெரிது. சொத்தை மறைத்தவர், கணக்கைத் திருத்தியவர், அழித்தவர் ஆகியோருக்கு 69ஆம் பிரிவு ஓராண்டு வரை சிறை விதிக்கிறது. அதைவிட நீண்ட தண்டனை விடுவிப்பு மறுக்கப்படுவது. விடுவிப்பு என்பது பங்கீடு முடிந்தபின் எஞ்சிய கடனிலிருந்து நொடித்தவரை நீதிமன்றம் அறுத்துவிடும் ஆணை. அதற்காகவே இந்த நடைமுறை முழுவதும் இருக்கிறது. ரூபாய்க்கு எட்டணா வீதமேனும் கடன்காரர்களுக்குக் கிடைக்கும் அளவுக்குச் சொத்து இல்லையென்றால், அந்நிலைக்குத் தாம் பொறுப்பல்ல என்று அவர் காட்டாதவரை, நிபந்தனையற்ற விடுவிப்பு கிடையாது என்கிறது 42ஆம் பிரிவு. மூன்று ஆண்டுக் கணக்குப் புத்தகங்கள் இல்லாமை, நொடித்த நிலை தெரிந்தும் வியாபாரத்தைத் தொடர்ந்தமை, ஊதாரித்தனம், சூதாட்டம் ஆகியவையும் தடைகள். எனவே சிவப்பு அட்டைப் பேரேட்டை ஒழுங்காக எழுதிவந்த சிறு வியாபாரிக்கு அந்தப் பேரேடே சிறந்த கவசம். அது ரிசீவரிடம் போனாலும் அவரைக் காக்கிறது.

விடுவிப்பு வரும்வரை இடைக்காலத்தில் கிடைக்கும் சொத்தும் தப்பாது என்பதைப் பலர் அறிவதில்லை. தீர்ப்புக்குப் பின், விடுவிப்புக்கு முன், தாயார் இறந்து வாரிசுரிமையில் ஒரு மனை வந்தால் அது உடனே ரிசீவரைச் சேரும். குறித்த காலத்துக்குள் விடுவிப்புக்கு விண்ணப்பிக்காமல் விட்டால் தீர்ப்பே நீக்கப்படலாம். அப்போது கடன்களும் கடன்காரர்களும் பழையபடி வாசலில் நிற்பார்கள். மனு எண் வாங்கியதோடு வேலை முடிந்தது என்று ஆண்டுக்கணக்கில் வாய்தா வாங்கிக்கொண்டு, கேட்பவருக்கெல்லாம் அந்த எண்ணைக் காட்டித் திரிவதே சிலருக்கு வழக்கமாகிவிட்டதால்தான் மஞ்சள் கடுதாசிக்கு ஏமாற்று என்ற பெயர் வந்தது. விடுவிப்பு கிடைத்தாலும் அரசுக்குரிய பாக்கி, மோசடியால் ஏற்பட்ட கடன், மனைவி மக்களுக்கான பராமரிப்புத் தொகை ஆகியவை அறுபடுவதில்லை. காசோலை திரும்பியதற்கான குற்ற வழக்கும் நொடிப்பு மனுவால் நின்றுவிடாது.

அடமானம் வைத்த சொத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பிணையுள்ள கடன்காரரின் உரிமையை நொடிப்புநிலைத் தீர்ப்பு தொடுவதில்லை என்கிறது 28ஆம் பிரிவின் ஆறாம் உட்பிரிவு. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்தவர் எந்த விலக்கையும் நம்பிப் பயனில்லை; அவர் பேச வேண்டிய இடம் வங்கியும் மதுரையிலுள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயமும்.

புதிய சட்டம் இந்தக் குறைகளுக்கெல்லாம் மாற்று எழுதி வைத்திருக்கிறது, நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. 2016 மே 28 அன்று ஒப்புதல் பெற்ற நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தொகுப்பின் மூன்றாம் பகுதி தனிமனிதர்களுக்கும் கூட்டு வணிக நிறுவனங்களுக்கும் உரியது. அதில் 'விலக்கப்பட்ட சொத்து' என்ற தலைப்பில் ஒரு புதிய பட்டியல் உண்டு: பிழைப்புக்கு வேண்டிய கருவிகள், புத்தகங்கள், வாகனங்கள், வீட்டுத் தட்டுமுட்டுப் பொருள்கள், சமய வழக்கப்படி பிரியக்கூடாத அணிகலன், ஆயுள் காப்பீடு, ஓய்வூதியத் திட்டம், அவற்றோடு, எந்தத் தொழில் செய்பவராயினும், அடமானமற்ற ஒரே ஒரு குடியிருப்பு வீடு. உழவர், வணிகர் என்ற பழைய வேறுபாடு இதில் இல்லை. ஆனால் 2019 டிசம்பர் 1 முதல் இந்தப் பகுதி ஒரே ஒரு வகையினருக்கு மட்டும் உயிர்பெற்றது: கம்பெனிகளின் கடனுக்குச் சொந்தப் பொறுப்பில் ஜாமீன் கையெழுத்திட்டவர்கள். அதனை உச்ச நீதிமன்றம் 2021 மே மாதம் லலித் குமார் ஜெயின் வழக்கில் ஏற்றது. அவர்களுக்கென்று வகுக்கப்பட்ட விதிகளின்படி அணிகலனுக்கு ஒரு லட்ச ரூபாயும், வீட்டுக்கு நகர்ப்புறத்தில் 20 லட்சமும் ஊர்ப்புறத்தில் 10 லட்சமும் உச்சவரம்பு. திவால் ஆணை பிறந்து ஓராண்டு ஆனால் சொத்தைப் பொறுப்பேற்ற அறங்காவலரே விடுவிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்ற ஏற்பாடும் அதில் உண்டு.

இதன் விளைவு மதுரையில் ஒரு விசித்திரமான காட்சி. கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகப் பதிந்து தொழில் நடத்தி, அதன் கடனுக்கு ஜாமீன் நின்று வீழ்ந்தவர் சென்னையிலுள்ள தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகிறார். வரம்புக்குட்பட்ட அவருடைய அடமானமற்ற வீடு விலக்குப் பெறுகிறது, வேலைக்கு வேண்டிய வண்டி நிற்கிறது, காலக்கெடுவுள்ள விடுவிப்பு எதிரே இருக்கிறது. கம்பெனி என்று பதியாமல் தன் பெயரிலேயே கடை நடத்தி, அதே அளவு கடனில் வீழ்ந்த கீழமாசி வீதிக்காரர் மதுரைச் சார்பு நீதிமன்றத்தில் 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நிற்கிறார்; வீட்டில் அவருடைய பங்கு போகிறது, சரக்கு எடுத்துவரும் இருசக்கர வண்டியும் போகிறது, விடுவிப்பு நீதிமன்றத்தின் விருப்புரிமையில் தொங்குகிறது. கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவருக்குப் புதுச் சட்டமும் தன் பெயரிலேயே கடன்பட்டவருக்குப் பழைய சட்டமும் என்ற இந்த ஏற்பாட்டை யாரும் வேண்டுமென்று திட்டமிட்டிருக்க மாட்டார்கள். பாதியில் நிறுத்திய வேலையின் விளைவு இது. நகர்ப்புற வீட்டுக்கு வைத்த 20 லட்ச வரம்பும் மதுரை அண்ணா நகரிலோ கே.கே. நகரிலோ ஒரு சிறு வீட்டைக்கூடக் காக்குமா என்பது ஐயமே.

மூன்றாம் பகுதி எல்லோருக்கும் வரும்வரை காத்திருக்க வேண்டிய கட்டாயம் தமிழ்நாட்டுக்கு இல்லை. நொடிப்புநிலையும் உரிமையியல் நடைமுறையும் அரசியலமைப்பின் பொதுப்பட்டியலில் முறையே 9, 13ஆம் இனங்களாக உள்ளன. குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு மாநிலச் சட்டமன்றம் 60ஆம் பிரிவைத் திருத்தலாம். உள்ளாட்சி ஓய்வூதியர்களுக்காக இதே பிரிவை இம்மாநிலம் முன்பே திருத்தியிருக்கிறது. பஞ்சாபின் சொற்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், ஊருக்கேற்ற மதிப்பு வரம்பு ஒன்றையும், விலைவாசிக்கேற்ப அதனை அரசு அறிவிக்கையால் உயர்த்தும் அதிகாரத்தையும், நொடிப்புக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் கடன்காரரை ஏய்க்க வாங்கிய வீட்டுக்கு விலக்கு இல்லை என்ற நிபந்தனையையும் சேர்த்து எழுதுவது நலம். கைவினைஞரின் கருவி என்ற தொடரில் குடும்பத்தாரே இயக்கும் ஓரிரு விசைத்தறிகளும், பிழைப்புக்கு வேண்டிய ஒரு வண்டியும் அடங்கும் என்று ஒரு விளக்கவரி இட்டால், செல்லூர் நெசவாளி தம் பிழைப்பை நீதிமன்றத்தில் வாதாடி மீட்க வேண்டிய நிலை இராது.